எரிபொருள் மின்கலம் செய்யும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

எரிபொருள் மின்கலத்தில் ப்ராஜெக்ட் செய்ய வரும் மாணவர்கள் முதலில் கேட்பது பெரும்பாலும் ஒன்றுதான்: "பிளாட்டினத்துக்குப் பதிலா என்ன போடலாம்?" கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் என் கண்முன் வீணாய்ப்போன செல்களில் வினையூக்கி, அதாவது வினையைத் தூண்டும் அந்தப் பிளாட்டினம், சரியில்லாமல் போனவை சிலவே. மற்றவை தண்ணீராலும் காற்றாலும் வெப்பத்தாலும் கெட்டன. அவற்றை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

நான் சொல்வது பாலிமர் சவ்வு வகையைப் பற்றி. ஒரு பக்கம் ஹைட்ரஜன், மறுபக்கம் காற்று, நடுவே தலைமுடியைவிட மெல்லிய சவ்வு. சவ்வின் இரு பக்கமும் கார்பன் தூளில் ஒட்டிய நுண்ணிய பிளாட்டினம்; இவையே மின்வாய்கள். புரோட்டான் சவ்வு வழியாகக் கடக்கும், எலக்ட்ரான் கம்பி வழியாகச் சுற்றி வரும். மின்சாரமும் தண்ணீரும் வெப்பமும் கிடைக்கும். 60 முதல் 80 டிகிரி செல்சியஸில் இது ஓடும்.

முதல் தவறு செல் உருவாவதற்கு முன்பே நடக்கும். நான் ஆய்வகத்தில் சேர்ந்த புதிதில், உலர்ந்த பிளாட்டினம்-கார்பன் தூளைச் சிறு கண்ணாடிக் குப்பியில் எடைபோட்டு வைத்துவிட்டு, மின்வாயாகப் பூசும் மையைத் தயாரிக்க ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலை நேராக ஊற்றினேன். கறுப்புத் தூளுக்குள் சிவப்புப் புள்ளிகள் மினுங்கின. அடுத்த நொடி குப்பியின் வாயில் வெளிறிய நீலச் சுடர். பக்கத்தில் இருந்த சீனியர் அக்கா கைக்கு எட்டிய கண்ணாடித் தட்டால் மூடி அணைத்தார். "முதல்ல தண்ணி, அப்புறம்தான் ஆல்கஹால். மறக்காத தம்பி" என்றார். காற்றிலுள்ள ஆக்சிஜனோடு ஆல்கஹாலை வினைபுரிய வைப்பதும் பிளாட்டினத்துக்குக் கைவந்த வேலை. அந்தச் சூடே தீ பற்றப் போதும். தூள் முழுக்க நனையும்வரை தண்ணீர் விட்ட பிறகே ஆல்கஹாலைத் தொடுங்கள்.

இனி தண்ணீர். சவ்வு ஈரமாக இருந்தால்தான் புரோட்டான் நகரும். ஈரம் மிஞ்சினால் மின்வாயின் துளைகள் அடைத்துக்கொண்டு ஆக்சிஜன் உள்ளே போகாது. வோல்ட்டேஜ் இறங்கியதும் காரணம் பார்க்காமல் ஈரப்பதத்தைக் கூட்டுவதுதான் புதியவர்கள் செய்யும் பிழை. வெள்ளம் கட்டிய செல்லில் வோல்ட்டேஜ் துள்ளித் துள்ளி விழும். காற்றை ஒரு தரம் வேகமாக விட்டால் சட்டென்று ஏறும். காய்ந்துபோகும் செல்லில் மெதுவாக, ஒரே சீராக இறங்கும். கூடவே உள்மின்தடை ஏறும். அதிக அதிர்வெண்ணில் மின்தடையை அளந்தால் எது நோய் என்று ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

அந்தத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்பதும் முக்கியம். அவசரத்துக்கு, உள்ளே போகும் வாயுவை நனைக்கும் ஈரமூட்டியில் கேன் தண்ணீர் ஊற்றுவதைப் பார்த்திருக்கிறேன். அதிலுள்ள கால்சியமும் சோடியமும் துளிகளோடு உள்ளே போய், சவ்வில் புரோட்டான் உட்கார வேண்டிய இடங்களைப் பிடித்துக்கொள்ளும். பிறகு நல்ல தண்ணீர் விட்டாலும் அவை எழுந்து போகாது. அயனி நீக்கிய நீரைத் தவிர வேறெதுவும் வேண்டாம். செலவு குறைக்க, செல்லின் இரு பக்கத் தகடுகளாகப் பூச்சில்லாத இரும்பைப் போடுவதும் இதே போன்ற தவறு. கரையும் இரும்பு அயனி, செல்லுக்குள் சிறிதளவு உண்டாகும் ஹைட்ரஜன் பெராக்சைடோடு சேர்ந்து சவ்வை அரிக்கும். வெளியேறும் நீரில் ஃபுளோரைடு கூடிக்கொண்டே போனால் சவ்வு கரைகிறது என்று பொருள்.

ஒற்றைச் செல் நன்றாக ஓடியதும் இருபதை அடுக்கி ஸ்டாக் செய்வார்கள். அங்கே மொத்த வோல்ட்டேஜை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பது ஆபத்து. செல்லுக்கு 0.65 என்றால் மீட்டர் 13 வோல்ட் காட்டும். ஒரு செல்லில் மட்டும் ஹைட்ரஜன் பாதை அடைபட்டு அது எதிர்த்திசைக்குப் புரண்டாலும், மீட்டர் 12-ஐ ஒட்டித்தான் நிற்கும். பார்ப்பவருக்குப் பெரிதாகத் தெரியாது. மற்ற பத்தொன்பது செல்களும் மின்னோட்டத்தைத் தள்ளிக்கொண்டே இருக்கும். ஹைட்ரஜன் கிடைக்காத அந்தச் செல் தன் கார்பனையே ஆக்சிஜனேற்றி எலக்ட்ரானைக் கொடுக்கும். கடைசியில் சவ்வு ஓட்டையாகும். ஒவ்வொரு செல்லுக்கும் தனித்தனியாக ஒயர் இழுங்கள். வாயு வந்து சேர்ந்த பிறகே லோடு கொடுங்கள்.

செயல்திறன் கணக்கில் நடக்கும் தவறு வேறு வகை. அதே 0.65 வோல்ட் செல்லின் செயல்திறன், ஹைட்ரஜனின் கீழ் வெப்ப மதிப்பை (உண்டாகும் நீர் ஆவியாகவே போவதாக வைத்த கணக்கு) வைத்துக் கணக்கிட்டால் 52 சதவீதம். மேல் வெப்ப மதிப்பை (அந்த ஆவி குளிர்ந்து நீராகும்போது வரும் வெப்பத்தையும் சேர்த்தது) வைத்தால் 44 சதவீதம். இரண்டும் சரியே. எந்தக் கணக்கு என்று சொல்லாமல் எழுதுவதுதான் தவறு. காற்றுத் தள்ளும் புளோயரும் நீர் பம்ப்பும் தின்னும் மின்சாரத்தைக் கழிக்காமல் எழுதுவது அதைவிடப் பெரிய தவறு.

மீதிப் பாதி வெப்பமாகிறது. 5 கிலோவாட் ஸ்டாக் ஏறக்குறைய அதே அளவு வெப்பத்தையும் கக்கும். கார் இன்ஜினில் வெப்பத்தின் கணிசமான பங்கு புகைக்குழாய் வழியே போய்விடும். இங்கே அநேகமாக எல்லாமே குளிர்நீர் வழியாகத்தான் போக வேண்டும். நம் ஊர் மே மாதத்தில் வெளியே 40 டிகிரி, ஸ்டாக் 70 டிகிரி. இடையே 30 டிகிரிதான். ஏசி அறையில் சோதித்துவிட்டு ரேடியேட்டர் அளவை முடிவு செய்தால் வெயிலில் நின்றுபோகும். இந்த வெப்பத்தை வீணாக்காமல் பயன்படுத்தும் இடமே இதற்குப் பொருத்தமான இடம் என்பது என் கருத்து. ஜப்பானில் 2009 முதல் விற்கும் எனிஃபார்ம் வீட்டுக் கருவி மின்சாரத்தோடு குளிக்க வெந்நீரும் தருகிறது.

ஆனால் அது ஓடுவது எரிவாயுவில். அதனால்தான் "தண்ணீர் மட்டுமே வெளியேறும், ஆகவே தூய்மை" என்று எழுதுமுன் ஹைட்ரஜனின் பிறப்பிடத்தைக் கேட்க வேண்டும். இயற்கை எரிவாயுவிலிருந்து 1 கிலோ ஹைட்ரஜன் எடுக்கச் சுமார் 9 முதல் 10 கிலோ கார்பன் டை ஆக்சைடு வெளியேறுகிறது. தண்ணீரைப் பிரித்து எடுத்தால் கிலோவுக்கு 50 யூனிட்டுக்கு மேல் மின்சாரம் வேண்டும். செல் திருப்பித் தருவது 16, 17 யூனிட். பேட்டரியே போதுமான இடத்தில் இந்த இழப்பைச் சுமப்பதில் அர்த்தமில்லை.

கடைசியாக, நிறுத்தும் முறை. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதென்று ஹைட்ரஜன் வால்வை மூடிவிட்டு அப்படியே கிளம்புவார்கள். இரவில் ஹைட்ரஜன் பக்கமும் காற்று நிறையும். காலையில் புது ஹைட்ரஜன் அந்தக் காற்றைத் தள்ளிக்கொண்டு நுழையும் சில நொடிகளில், இன்னும் காற்று நிற்கும் பகுதிக்கு எதிரேயுள்ள காற்று மின்வாயின் மின்னழுத்தம் 1.5 வோல்ட் அளவுக்கு ஏறி, அங்கே கார்பன் எரிந்து கரையும். ஒவ்வொரு காலையும் கொஞ்சம் கொஞ்சமாக. எனவே முதலில் காற்றை நிறுத்துங்கள். ஹைட்ரஜன் வரும்போதே சிறிய மின்தடையை இணைத்து, உள்ளே மிஞ்சிய ஆக்சிஜன் தீரவிடுங்கள். எல்லாச் செல்களின் வோல்ட்டேஜும் பூஜ்யத்தை ஒட்டி இறங்கிய பிறகு ஹைட்ரஜனை மூடிவிட்டு அறையைப் பூட்டலாம்.