ஆன்லைனில் வாங்கிய பழைய எலக்ட்ரானிக் பொருள் பழுதா? சிங்கப்பூரில் பணத்தைத் திரும்பக் கேட்கும் வழி

மகளின் படிப்புக்காக 480 வெள்ளிக்குப் பழைய மடிக்கணினி ஒன்று வாங்கினேன். ஈசூன் எம்ஆர்டி நிலையத்தில் கைமாறியது, பேநவ்வில் பணம் போனது. வீட்டில் சார்ஜரைக் கழற்றினால் 20 நிமிடத்தில் அணைந்துவிடுகிறது. விற்றவர் விளம்பரத்தில் ‘பேட்டரி 5 மணி நேரம் நிற்கும்’ என்று போட்டிருந்தார். கோபத்தில் அன்று இரவே வரிசையாக மெசேஜ் அனுப்பினேன். அவர் என்னைப் பிளாக் செய்துவிட்டு விளம்பரத்தையும் அழித்துவிட்டார். அந்த 5 மணி நேரப் பேச்சுக்கு என்னிடம் ஒரு ஸ்கிரீன்ஷாட்கூட இல்லை. பணம் திரும்பவில்லை. அதே நிலை உங்களுக்கு வரக்கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

படி 1: வாய் திறக்கும் முன் சேமியுங்கள்

விற்றவருக்கு ஒரு வார்த்தை அனுப்புவதற்கு முன் விளம்பரம் முழுவதையும், அவருடைய பக்கத்தையும், வாட்ஸ்அப் பேச்சையும், பணம் அனுப்பிய ரசீதையும் ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். விளம்பரத்தில் ‘மேலும்’ என்று மடிந்திருக்கும் பகுதியை விரித்து எடுக்க மறக்காதீர்கள். வாக்குறுதிகள் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.

பிறகு பழுதை வீடியோ எடுங்கள். ஃபோன் என்றால் *#06# அழுத்தி வரும் ஐஎம்இஐ எண் (ஒவ்வொரு ஃபோனுக்கும் உரிய தனி அடையாள எண்) வீடியோவில் தெரியட்டும். ‘இது நான் விற்ற ஃபோனே இல்லை’ என்ற பேச்சுக்கு அதுவே பதில். ஐஃபோனில் பேட்டரியின் நிலையை செட்டிங்ஸிலேயே பார்க்கலாம். ரிப்பேர் கடையில் காட்டுங்கள், ஆனால் திறந்து பாகம் மாற்ற விடாதீர்கள். திறந்த பிறகு ‘நீங்கள்தான் கெடுத்தீர்கள்’ என்பார் விற்றவர். என்ன கோளாறு, சரிசெய்ய எவ்வளவு ஆகும் என்று கடைக்காரரிடம் எழுதி வாங்கினால் போதும்.

படி 2: விற்றது கடையா, தனிநபரா?

எல்லாரும் தடுமாறும் இடம் இதுதான், கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

கடையிடம் வாங்கியிருந்தால், குறையுள்ள பொருளை வாங்கியவரைக் காக்கும் ‘லெமன் சட்டம்’ உங்களுக்குத் துணை நிற்கும். 2012 செப்டம்பர் 1 முதல் நடப்பில் இருக்கும் இந்த விதி பழைய பொருளுக்கும் பொருந்தும். பொருள் கைக்கு வந்த 6 மாதத்துக்குள் கோளாறு தெரிந்தால், அது விற்கும்போதே இருந்தது என்றுதான் சட்டம் எடுத்துக்கொள்ளும். இல்லை என்று காட்டவேண்டியது கடையின் பொறுப்பு. முதலில் பழுது நீக்கவோ மாற்றித் தரவோ கேட்கலாம்; அது நடக்காவிட்டால் விலையைக் குறைக்கவோ பணத்தைத் திருப்பவோ கேட்கலாம். ஆனால் பொருளின் வயதும் கொடுத்த விலையும் கணக்கில் வரும். வாங்கும்போதே சொல்லிவிட்ட குறைக்குப் பிறகு சண்டை போட முடியாது.

தனிநபரிடம் வாங்கியிருந்தால் லெமன் சட்டம் இல்லை. சிங்கப்பூர்ப் பயனீட்டாளர் சங்கமான ‘கேஸ்’ அமைப்பும் வணிகர்மீதான புகார்களைத்தான் கையாளும். அதற்காக மனம் தளரவேண்டாம். பொருள் விற்பனைச் சட்டப்படி, பொருள் விவரித்தபடி இருக்கவேண்டும் என்பது தனிநபர் விற்பனைக்கும் உண்டு. ஆகவே ‘பழுதாகிவிட்டது’ என்று வாதாடாதீர்கள். ‘நீங்கள் சொன்னது ஒன்று, தந்தது வேறு’ என்பதுதான் உங்கள் வழக்கு. ‘உள்ளது உள்ளபடி’ என்று மட்டும் எழுதி, வேறு எதுவும் சொல்லாமல் விற்றிருந்தால் வழக்கு மெலிந்துவிடும் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

தனிநபர் என்கிறார், ஆனால் அவர் பக்கத்தில் ஏராளமான ஃபோன்கள் விற்பனைக்கு இருக்கின்றனவா? அதையும் ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். அவர் வணிகமாகத்தான் விற்கிறார் என்று வாதிட உதவும்.

படி 3: ஒரே ஒரு மெசேஜ்

விளம்பரத்தில் என்ன சொன்னார், கையில் என்ன கிடைத்தது, உங்களுக்கு என்ன வேண்டும், எந்தத் தேதிக்குள் வேண்டும். இந்த நான்கும் போதும். இப்படி எழுதலாம்: ‘பேட்டரி 5 மணி நேரம் நிற்கும் என்று எழுதியிருந்தீர்கள். 20 நிமிடத்தில் அணைகிறது, வீடியோ இணைத்துள்ளேன். பொருளைத் திருப்பித் தருகிறேன், 480 வெள்ளியை வரும் வெள்ளிக்கிழமைக்குள் அனுப்புங்கள்.’

திட்டாதீர்கள், மிரட்டாதீர்கள். இந்த மெசேஜை நாளை ஒரு நீதிபதி படிக்கக்கூடும். முடிந்தால் ஆங்கிலத்திலேயே எழுதுங்கள். தமிழ்ப் பேச்சை ஆதாரமாகக் கொடுக்க ஆங்கில மொழிபெயர்ப்பும் இணைக்கவேண்டியிருக்கும்.

படி 4: தளம் பணத்தைப் பிடித்து வைத்திருக்கிறதா?

கரோசல் போன்ற தளங்களின் பாதுகாப்பு முறையில் பணம் கட்டியிருந்தால், பணம் உடனே விற்றவரிடம் போகாது. சோதித்துப் பார்க்கும்வரை ‘பெற்றுக்கொண்டேன்’ என்று உறுதிசெய்யாதீர்கள். கோளாறு தெரிந்ததும் ஆப்பிலேயே புகார் எழுப்புங்கள். பேநவ்வில் நேராக அனுப்பிய பணத்துக்கு இந்த வசதி கிடையாது.

பணம் வாங்கிவிட்டுப் பொருளே அனுப்பவில்லை என்றால் அது மோசடியாக இருக்கலாம். உடனே வங்கியை அழைத்துவிட்டு போலிஸில் புகார் கொடுங்கள். மோசடிதானா என்று சந்தேகம் இருந்தால் 1799 என்ற மோசடித் தடுப்பு உதவி எண்ணில் கேளுங்கள்.

படி 5: சிறு கோரிக்கைகள் நடுவர் மன்றம்

கடை மசியாவிட்டால் ‘கேஸ்’ அமைப்பை நாடலாம். அதற்கும் அசையாத கடையோ, பதில் தராத தனிநபரோ, அடுத்த வழி இந்த மன்றம். 20,000 வெள்ளி வரையிலான கோரிக்கைகளை விசாரிக்கும். இரு தரப்பும் ஒப்புக்கொண்டால் 30,000 வரை. பிரச்சினை எழுந்து 2 ஆண்டுக்குள் பதியவேண்டும். 5,000 வெள்ளிக்குள் கேட்கும் பயனீட்டாளருக்குக் கட்டணம் 10 வெள்ளிதான். வழக்கறிஞர் இரு தரப்புக்கும் கிடையாது, அதனால் எதிராளி பணக்காரர் என்று பயப்படவேண்டியதில்லை. சிங்பாஸ் மூலம் இணையத்திலேயே பதியலாம். முதலில் சமரசப் பேச்சு நடக்கும், ஒத்துவராவிட்டால்தான் விசாரணை.

ஒரு முட்டுக்கட்டை உண்டு. எதிராளியின் பெயரும் முகவரியும் வேண்டும். ஆப்பில் இருக்கும் புனைபெயரை வைத்துக்கொண்டு யாருக்கும் நோட்டீஸ் அனுப்ப முடியாது. கடை என்றால், நிறுவனங்களைப் பதிவுசெய்யும் அரசு அமைப்பான அக்ராவின் பதிவேட்டில் தேடலாம். தனிநபர் என்றால் வாங்கும் நாளிலேயே கேட்டு வைப்பதுதான் வழி. நான் இப்போதெல்லாம் விற்பவரின் வீட்டு புளோக்கின்கீழ்தான் சந்திக்கிறேன், பெயரெழுதிய ரசீதும் கேட்கிறேன். தயங்குபவரிடம் வாங்குவதில்லை.

மன்றத்தின் உத்தரவு கிடைத்தும் அவர் கட்டாவிட்டால், வசூலிக்கும் நடவடிக்கையை நீங்கள்தான் எடுக்கவேண்டும். அதற்குத் தனிச் செலவு. அதனால் சமரசத்தில் 480க்கு 350 தருகிறேன் என்றால் நான் வாங்கிக்கொள்வேன். ஒப்புக்கொண்டதை எழுத்தில் வாங்குங்கள், பணம் கணக்கில் ஏறியதைப் பார்த்த பிறகே வழக்கை மீட்டுக்கொள்ளுங்கள்.