முதுகெலும்பு இடைத்தட்டின் தன்மையை எம்.ஆர்.ஐ. கொண்டு அளக்கும் முறை

முதுகெலும்பு இடைத்தட்டின் நடுவே உள்ள கூழ்ப்பகுதியில் இளமையில் 80 விழுக்காட்டுக்கும் மேல் நீர் இருக்கும். அந்த நீரை இழுத்துப் பிடித்து வைத்திருப்பவை புரோட்டியோகிளைக்கான் என்னும் மூலக்கூறுகள். அவை குறையக் குறைய நீரும் குறைகிறது. தட்டு சுமை தாங்கும் விதமும் மாறுகிறது. இம்மாற்றத்தை எண்ணாக அளக்க விரும்பும் கதிரியக்கப் பணியாளர்களுக்காகவும் ஆய்வு மாணவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன்.

நீர் மிகுந்த இடம் வெளிச்சமாகத் தெரியும் வழக்கமான டி2 படத்தைக் கண்ணால் பார்த்து, 2001இல் வெளியான ஃபிர்மான் முறைப்படி ஒன்று முதல் ஐந்து வரை தரம் பிரிப்பதே பரவலான நடைமுறை. மருத்துவமனைத் தேவைக்கு அது போதும். ஆனால் ஒரே தரத்துக்குள் நிகழும் சிறு மாற்றங்களை அது காட்டாது. அதற்கு டி2 அளவீட்டு வரைபடம் தேவை. டி2 என்பது திசுவின் எம்.ஆர்.ஐ. சமிக்ஞை எவ்வளவு நேரத்தில் தேய்கிறது என்பதன் அளவு; அதை ஒவ்வொரு படப்புள்ளிக்கும் கணக்கிட்டுக் காட்டுவதே இந்த வரைபடம்.

அளவீட்டின் நம்பகத்தன்மை கருவியை இயக்குவதற்கு முன்பே தீர்மானமாகிவிடுகிறது. பகல் முழுவதும் நின்றும் அமர்ந்தும் இருக்கும்போது தட்டிலிருந்து நீர் வெளியேறுகிறது. இரவில் படுத்திருக்கும்போது திரும்ப ஊறுகிறது. எனவே ஒருவரைக் காலையிலும் மற்றொருவரை மாலையிலும் படமெடுத்து ஒப்பிட்டால், திசுவின் வேறுபாட்டோடு நேரத்தின் வேறுபாடும் கலந்துவிடும். எல்லோரையும் ஏறத்தாழ ஒரே நேரத்தில் வரச் செய்து, படமெடுப்பதற்கு முன் அரை மணி நேரம் மல்லாந்து படுக்க வையுங்கள். பலர் தவிர்த்துவிடும் படி இதுதான். என் கணிப்பில் இதைவிட முக்கியமான படி வேறில்லை.

அடுத்து, இடுப்புப் பகுதி முதுகெலும்பைப் பக்கவாட்டு வெட்டாக, ஏறத்தாழ 4 மி.மீ. தடிமனில், பல எக்கோக்களை (ரேடியோத் துடிப்புக்குப் பின் திசுவிலிருந்து திரும்பி வரும் சமிக்ஞைகளை) பதிவு செய்யும் ஸ்பின் எக்கோ முறையில் படமெடுக்க வேண்டும். ஆரோக்கியமான கூழ்ப்பகுதியின் டி2 நேரம் 100 மில்லிசெகண்டையும் தாண்டக்கூடும் என்பதால், கடைசி எக்கோவும் அந்த அளவை எட்ட வேண்டும். குறுகிய எக்கோ நேரங்களோடு நிறுத்தினால், நல்ல தட்டுகளின் மதிப்பே மிகவும் தடுமாறும். ஒவ்வொரு படப்புள்ளியிலும் சமிக்ஞை தேயும் வேகத்தை அடுக்குக்குறிச் சமன்பாட்டில் பொருத்தும்போது முதல் எக்கோவை நீக்கிவிடுங்கள். துடிப்புகள் முழுத் துல்லியமாக இல்லாததால் எழும் தூண்டப்பட்ட எக்கோக்களின் கலப்பு அதற்குப் பின் வரும் எக்கோக்களில் இருப்பதால், முதலாவது அவற்றோடு ஒத்துப்போவதில்லை.

நடு வெட்டில் தட்டை முன்னிருந்து பின்னாக ஐந்து சம பாகங்களாகப் பிரித்து, நடுப் பாகத்தைக் கூழ்ப்பகுதியாகவும் இரு ஓரங்களையும் அதைச் சுற்றியுள்ள நார் வளையமாகவும் கொள்வது எளிய வழி. எல்லைக்கோடு முள்ளெலும்பின் முனைத்தகட்டை (எலும்பும் தட்டும் சந்திக்கும் மெல்லிய அடுக்கை) தொடக்கூடாது. தொட்டால் எலும்பின் சமிக்ஞையும் சேர்ந்து சராசரியைக் கெடுக்கும். நார் வளையத்தின் மதிப்புகளை எச்சரிக்கையோடு கையாளுங்கள். அங்கே சமிக்ஞை மிகக் குறைவு. அத்துடன் காந்தப்புலத்துக்கு 55 பாகை அளவில் சாய்ந்த கொலாஜன் நார்களில் டி2 செயற்கையாக நீண்டு தெரியும்.

புரோட்டியோகிளைக்கான் இழப்பைத் தொடக்கத்திலேயே அறிய விரும்புவோர் டி1ரோ (ரேடியோத் துடிப்பு நீடிக்கும்போது சமிக்ஞை தேயும் நேரம்) அளவீட்டையும் சேர்க்கலாம். அதன் துடிப்புகள் உடலைச் சூடேற்றும் என்பதால் உடலில் சேரும் ஆற்றலின் வரம்பைக் கவனிக்க வேண்டும். உயிருள்ள தட்டுக்கு இரத்தக் குழாய்கள் அரிது. முனைத்தகட்டின் வழியே கசிந்து வருவதுதான் அதன் உணவு. கோயம்புத்தூர் கங்கா மருத்துவமனையில் எஸ். ராஜசேகரன் குழுவினர் மாறுபாட்டு மருந்து செலுத்திப் பல மணி நேரம் தொடர்ந்து படமெடுத்து, இந்தக் கசிவில் முனைத்தகட்டின் பங்கைக் காட்டி 2004இல் வெளியிட்டார்கள். டி2 எண் குறைந்திருக்கும் தட்டில் முனைத்தகடு சிதைந்திருக்கிறதா என்று சேர்த்துப் பார்க்க நான் வற்புறுத்துவது இதனால்தான்.

தொடங்குவதற்கு முன் சிலரை இருமுறை படமெடுத்து, உங்கள் கருவியின் மறுஅளவீட்டுப் பிழையைக் கணக்கிடுங்கள். அந்தப் பிழையைவிடச் சிறிய மாற்றத்தை மாற்றம் என்று எழுதக் கூடாது. 1.5 டெஸ்லா (காந்தப்புல வலிமையின் அலகு) கருவியில் கிடைத்த எண்ணை 3 டெஸ்லா எண்ணோடு நேராக ஒப்பிடவும் கூடாது.

அறிக்கையில் எண்ணோடு படமெடுத்த நேரம், ஓய்வெடுத்த கால அளவு, காந்தப்புல வலிமை, எக்கோ நேரங்கள் ஆகியவற்றையும் குறியுங்கள். வலியே இல்லாதவர்களிலும் தட்டுத் தேய்மானம் மிகுதியாகக் காணப்படுகிறது. 20 வயதினரில் 37 விழுக்காட்டினரிடமும் 80 வயதினரில் 96 விழுக்காட்டினரிடமும் அது இருந்ததாக 2015இல் வந்த தொகுப்பாய்வு ஒன்று காட்டியது. ஆகவே “வலிக்குக் காரணம் இதுவே” என்ற சொற்களை அளவீட்டு அறிக்கையில் சேர்க்காதீர்கள். அந்த முடிவு நோயாளியைத் தொட்டுப் பரிசோதித்த மருத்துவருடையது.