இருட்டுக் காலத்தில் நிறம் தேராதீர்கள்

வட நோர்வேயின் ட்ரொம்சோவில் நவம்பர் கடைசியில் போகும் சூரியன், மலைகளைத் தாண்டி ஊருக்குள் மறுபடி எட்டிப்பார்க்கும் நாளை ஜனவரி 21ஆம் திகதி கொண்டாடுகிறோம். ஊரே ஜாம் வைத்துப் பொரித்த பணிஸ் சாப்பிடும். அப்படியொரு நாளில், டிசம்பர் முழுவதும் பழைய சேலைப் பட்டிகளை இணைத்து நான் தைத்த ஒட்டுப்போர்வையை ஜன்னலோரம் விரித்தேன். கறுப்பென்று நம்பி வைத்த மூன்று பட்டிகளும் கரும்பச்சை! மஞ்சள் மேசைவிளக்கு செய்த வேலை அது. தைத்ததைவிடப் பிரிக்கத்தான் அதிக நாள் பிடித்தது.

அன்றிலிருந்து துணி தேர்வதும் வெட்டுவதும் கோடையில், கையூசி வேலை குளிர்காலத்தில். கோடையிலும் ஓர் எச்சரிக்கை: நள்ளிரவுச் சூரியன் வடக்கு ஜன்னல் வழியாக வரும். விரித்த துணியை இரவு மூடி வையுங்கள், வெளுத்துவிடும்.

இங்கே 140க்கு 200 செ.மீ. போர்வைதான் வழக்கமான ஒற்றைக் கட்டில் அளவு. அதற்கு நான்கு பழைய நூல் சேலைகள் போதும்: மேற்புறத்துக்கு மூன்று, அடிப்புறத்துக்கு ஒன்று. சேலையை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். உட்காரும் இடமும் கொசுவத்தின் அடியும் சல்லடையாகியிருக்கும், அவற்றை விட்டுவிடுங்கள். முந்தானைப் பக்கம்தான் பெரும்பாலும் புதிதுபோல இருக்கும். சாயம் போகிறதா என்று ஈர வெள்ளைத் துணியால் தேய்த்துப் பார்த்து, துணியில் நிறம் ஒட்டினால் அந்தச் சேலையை எடுக்காதீர்கள். உப்புத் தண்ணீர், வினாகிரி வைத்தியங்களில் எனக்கு நம்பிக்கை இல்லை.

சேலையின் நீளவாக்கில் 13 செ.மீ. அகலம், 145 செ.மீ. நீளத்தில் 17 பட்டிகள் வெட்டுங்கள். சேலையின் நீளத்துக்கு ஓடும் பாவு நூல் பட்டியின் நீளத்துக்கும் ஓடினால் தைக்கும்போது இழுபடாது. துணி வெட்டும் சுழல்கத்தி (உருளும் வட்டக் கத்தி) மழுங்கினால் உடனே மாற்றுங்கள். எண்பதுகளின் கடைசியில் நோர்வேயின் வடகோடியான ஃபின்மார்க்கில் மீன் தொழிற்சாலைக்கு வேலைக்கு வந்தபோது நான் கற்ற முதல் பாடம் இது: மழுங்கிய கத்திதான் கையை வெட்டும்.

பட்டிகளை அடுக்க ஒரு வழி சொல்கிறேன். இங்கிருந்து கிழக்கே மன்டாலன் என்ற ஊரில், வடக்கின் பழங்குடியான சாமி (Sámi) இனத்தின் கடற்கரைப் பெண்கள், கல் கட்டித் தொங்கவிட்ட பாவில் நெய்யும் கனத்த கம்பளிப் போர்வைக்கு ‘கிரேனே’ என்று பெயர். வெள்ளை, சாம்பல், கரும்பழுப்பு என ஆட்டின் சொந்த நிறங்களில் குறுக்குக் கோடுகள், அவ்வளவுதான். அதைப் பார்த்த பிறகுதான் என் பூவேலை ஆசை அடங்கியது. பட்டிகளைத் தரையில் பரப்பி, கைபேசியில் கறுப்பு வெள்ளைப் படம் எடுங்கள். இரண்டு பட்டிகள் ஒன்றாகக் கலந்து தெரிந்தால் இடம் மாற்றுங்கள். பிறகு ஓரத்தில் 6 மி.மீ. விட்டு இயந்திரத்தில் இணையுங்கள்.

அடிப்புறச் சேலையை 220 செ.மீ. நீளத்தில் இரு துண்டாக வெட்டிப் பக்கம் பக்கமாக இணைத்து, அதன்மேல் கம்பளிப் பஞ்சுத் தாள், அதன்மேல் மேற்புறம். பொலியெஸ்டர் பஞ்சும் சூடு தரும். ஆனால் குளிர்கால வறண்ட காற்றில் நூலையும் தலைமுடியையும் ஒட்டவைத்து உயிரை வாங்கும். மூன்றையும் பெரிய தையலாக நூலோட்டிப் பிடித்துக்கொண்டால் கோடை வேலை முடிந்தது.

இனி ஊசி. ஒரு கை நீள நூல், ஓட்டுத்தையல், நடுவிலிருந்து ஓரத்துக்கு. ஊசிமுனை அடியில் விரல்நுனியைத் தொட்டதும் மேலே திருப்புங்கள். தொடாவிட்டால் அடிச்சேலையில் தையல் விழாது. ஒரு மாலைக்கு ஒரு பட்டி தாராளம். ஓரம் மடித்துக் கட்ட, மீந்த சேலைக் கரையைப் பயன்படுத்துகிறேன்.

தைத்து முடித்த போர்வையை அடிக்கடி துவைக்க வேண்டாம். மைனஸ் பத்துப் பாகை வறண்ட குளிரில் ஒரு பகல் வெளியே தொங்கவிட்டு, உதறி உள்ளே எடுங்கள். சமையல் வாசனைகூடப் போய்விடும். கருவாடு பொரித்த வீட்டுக்காரி சொல்கிறேன்.