ஹகாதாவின் பழைய துறைமுகத்தை ஒரே நாளில் நடந்து பார்ப்பது எப்படி

ஜப்பானின் ஹகாதாவைப் பார்க்க வருகிறவர்கள் பெரும்பாலும் மங்கோலியப் படையெடுப்பைத் தேடித்தான் வருகிறார்கள். ஆனால் போரில் ஆரம்பித்தால் இந்த ஊர் பிடிபடாது. நான் ஃபுகுவோகாவில் குடியிருப்பவன். ஊரிலிருந்து யார் வந்தாலும் சுற்றிக்காட்டும் பொறுப்பு எனக்குத்தான் வரும். முதலில் வியாபாரிகள், அப்புறம் துறவிகள், போர் கடைசியில். இந்த வரிசையில்தான் கூட்டிக்கொண்டு போவேன்.

இன்றைய ஃபுகுவோகா நகரத்தின் கிழக்குப் பாதிதான் பழைய ஹகாதா. போர்களில் பலமுறை எரிந்த ஊர் இது. 1587-ல் அன்றைய ஜப்பானின் ஆட்சியாளர் ஹிதேயோஷி தெருக்களையே புதிதாக அளந்து போட்டார். 1945 ஜூனில் விமானக் குண்டுவீச்சு வேறு. ஆகவே ஊருக்குள் இடைக்காலக் கட்டடம் எதையும் எதிர்பார்க்காதீர்கள். அந்தக் காலம் மண்ணுக்கடியில் இருக்கிறது. 1977-ல் சுரங்க ரயிலுக்காகத் தோண்டத் தொடங்கிய பிறகுதான் அது வெளியே வந்தது. நல்லவேளையாக, நாம் பார்க்க வேண்டிய இடங்களில் பெரும்பாலானவை அதே விமான நிலைய ரயில் தடத்திலேயே வருகின்றன. ஒரு நாள் பயணச்சீட்டு எடுத்துக்கொள்ளுங்கள்.

காலையில் முதலில் நிஷிஜின் நிலையத்தில் இறங்கி நகர அருங்காட்சியகத்துக்குப் போங்கள். திங்கட்கிழமை விடுமுறை. மற்ற நாட்களிலும் திறந்திருக்கிறதா என்று முன்கூட்டியே பார்த்துக்கொள்வது நல்லது. எல்லோரும் கி.பி. 57-ல் சீனாவின் ஹான் பேரரசர் கொடுத்த தங்க முத்திரை முன்னால் கூடி நிற்பார்கள். பாருங்கள், ஆனால் நேரத்தை ஹகாதாவில் தோண்டியெடுத்த சீனக் கிண்ணங்களுக்கு வைத்துக்கொள்ளுங்கள். 11, 12-ஆம் நூற்றாண்டு வெண்பீங்கான்கள் அவை. சிலவற்றைக் கவிழ்த்து வைத்திருப்பார்கள். அடிப்பாகத்தில் மெருகு பூசாத வட்டம் ஒன்று தெரியும். கொஞ்சம் சொரசொரப்பான அந்த இடத்தில் தூரிகையால் மையில் ஓர் எழுத்து: வாங், ஜாங், டிங் என்று யாரோ ஒருவருடைய குடும்பப் பெயர். சிலவற்றில் அதோடு கப்பல் தலைவரைக் குறிக்கும் எழுத்தும் சேர்ந்திருக்கும். கப்பலில் பலருடைய சரக்கு ஒன்றாக வரும்போது எந்தக் கட்டு யாருடையது என்று தெரிய வேண்டுமே, அதற்கான குறி. சமையலறையில் உடைந்து குப்பைக்குப் போன பாத்திரங்கள் அல்ல இவை. வழியில் உடைந்து, விற்க முடியாமல், இறக்கிய கரையிலேயே கொட்டப்பட்ட குவியல்களும் தோண்டும்போது கிடைத்திருக்கின்றன. சரக்கு இறங்கிய இடத்தைக் காட்டிக் கொடுத்ததே இந்த உடைசல்தான்.

அடுத்து அகாசாகா நிலையம். கோட்டைப் பூங்காவுக்குள் கோரோகான் இருக்கிறது. 7-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து 11-ஆம் நூற்றாண்டுவரை வெளிநாட்டுத் தூதர்களையும் வணிகர்களையும் அரசு தங்கவைத்த விருந்தினர் மாளிகை அது. பழைய பேஸ்பால் மைதானத்துக்கு அடியிலிருந்து 1987-ல் வெளிப்பட்டது. மேற்காசியாவிலிருந்து வந்த நீலப்பச்சை மெருகு ஜாடியின் துண்டுகளும் கண்ணாடித் துண்டுகளும் இங்கே கிடைத்தன. அரைமணி நேரம் போதும். ஒன்றை மட்டும் மனதில் வாங்கிக்கொள்ளுங்கள்: இங்கே வியாபாரம் அரசின் கையில் இருந்தது, வெளிநாட்டவர் அதிகாரிகளின் கண்பார்வையில்தான் தங்கினார்கள். 11-ஆம் நூற்றாண்டில் இது முடிந்து, சோங் அரச வம்சக் காலத்துச் சீன வணிகர்கள் ஹகாதாவில் தாங்களே வீடு கட்டிக் குடியேறினார்கள். அந்தக் குடியிருப்புக்கு தோபோ என்று பெயர். ஜப்பானியப் பெண்களை மணந்து, பிள்ளைகளோடு இங்கேயே வாழ்ந்தவர்களும் உண்டு.

இப்போது கியோன் நிலையம். இனி நடைதான், நல்ல செருப்பாகப் போட்டுக்கொள்ளுங்கள். முதலில் ஷோஃபுகுஜி. 1195-ல் ஐசாய் என்ற துறவி நிறுவிய இது ஜப்பானின் முதல் ஜென் ஆலயமாகக் கருதப்படுகிறது. சீனாவிலிருந்து தேயிலை விதை கொண்டுவந்தவர் என்று ஐசாயை எல்லோருக்கும் தெரியும். எனக்கு அதைவிடப் பிடித்தது இது: 1168-ல் முதல்முறை கப்பலேறும் முன்பே, ஹகாதாவில் ஒரு சீன மொழிபெயர்ப்பாளரிடம்தான் அங்கே ஜென் செழித்திருக்கிறது என்று அவர் கேட்டுத் தெரிந்துகொண்டார். அந்தப் பேச்சு நடந்தது துறைமுகத்தில்.

அங்கிருந்து சில நிமிட நடையில் ஜோதென்ஜி. இங்கே அவசரப்படாதீர்கள். என்னி என்ற துறவி 1241-ல் சீனாவிலிருந்து திரும்பினார். அடுத்த ஆண்டே அவருக்கு இந்த ஆலயத்தைக் கட்டப் பணம் கொடுத்தவர் ஷியே குவோமிங். இன்றைய ஹாங்ஜோவிலிருந்து வந்து குஷிதா ஆலயத்துக்கு அருகில் குடியிருந்த சீன வணிகர் அவர். அதே 1242-ல் என்னியின் குரு இருந்த ஜிங்ஷான் மடம் தீப்பிடித்து எரிந்தது. செய்தி வந்ததும் ஹகாதாவிலிருந்து ஆயிரம் மரப்பலகைகள் கப்பலில் போயின. அதற்கு நன்றி சொல்லி குரு எழுதிய கடிதம் இன்றும் டோக்கியோ தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பக்தி, நட்பு, மரவியாபாரம் மூன்றும் ஒரே கப்பலில் போன காலம் அது. ஜப்பானிலிருந்து போனவை மரமும் கந்தகமும். வந்தவை செப்புக்காசு, பீங்கான், பட்டு, மருந்து, நூல்கள். ஆலய வளாகத்தில் உதோன், சோபா என்ற நூடுல்ஸ் வகைகள் இங்கேதான் தொடங்கின என்று ஒரு கல் நிற்கும். என்னியோடு சேர்த்துச் சொல்லப்படும் கதை அது. (சைவர்கள் கவனிக்க: உதோன் சாறு பெரும்பாலும் மீன் போட்டுக் காய்ச்சியது. கேட்டுவிட்டுச் சாப்பிடுங்கள்.) ஷியே குவோமிங்கின் சமாதியும் ஹகாதா நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. பெரிய கற்பூரமரம் ஒன்று அதன்மேல் வளர்ந்ததால் மக்கள் அந்த மரத்தின் பெயராலேயே அவரைக் கும்பிடுகிறார்கள். எழுநூறு ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த ஒரு வெளிநாட்டு வியாபாரிக்கு இந்த மரியாதை!

இவ்வளவும் பார்த்த பிறகு போருக்கு வாருங்கள். அதே தடத்தில் மேற்கே போகும் ரயில் ஜே.ஆர். பாதையில் தொடரும். ஷிமோயமாதோவில் இறங்கி இகி நோ மாட்சுபாரா பைன் தோப்புக்கு நடந்தால் கல் அரண் தெரியும். ஒரு நாள் சீட்டு அங்கே செல்லாது, கூடுதல் கட்டணம் உண்டு. 1274-ல் மங்கோலியப் படை இறங்கி ஊரை எரித்துவிட்டுப் போனபின், 1276-ல் விரிகுடா ஓரமாகச் சுமார் 20 கிலோமீட்டருக்கு இந்த அரணைக் கட்டினார்கள். இந்தக் கியூஷு தீவின் மாகாணங்கள் ஒவ்வொன்றுக்கும் ஒரு பகுதி பங்கு. உயரம் இரண்டு மூன்று மீட்டர்தான். ஆனாலும் 1281-ல் வந்த படையால் ஹகாதா கரையில் இறங்க முடியவில்லை. அந்தப் படைக்குக் கப்பல் கட்டச் சொல்லி மங்கோலியப் பேரரசர் குப்லாய் கான் உத்தரவு அனுப்பிய இடங்களில் சீனத் துறைமுகமான குவான்ஜோவும் ஒன்று. அதே 1281-ல், அதே குவான்ஜோவில், அந்தக் கானின் உடல்நலத்துக்காகச் சிவனை எழுந்தருளச் செய்த சம்பந்தப் பெருமாளின் தமிழ்க் கல்வெட்டு இருக்கிறது. இந்த அரணருகே நிற்கும்போதெல்லாம் எனக்கு அது நினைவுக்கு வரும்.

போரால் வியாபாரம் நின்றுபோனது என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். இரண்டு படையெடுப்புக்கும் நடுவில், 1279-ல், ஜப்பானியக் கப்பல்கள் நான்கு சீனாவின் நிங்போவுக்குப் போய்ச் சரக்கு விற்றுத் திரும்பியிருக்கின்றன. 1323-ல் நிங்போவிலிருந்து ஹகாதாவுக்குப் புறப்பட்டு, கொரியாவின் சினான் கடலில் மூழ்கிய கப்பலை 1976-லிருந்து அகழ்ந்தெடுத்தார்கள். இருபதாயிரத்துக்கும் அதிகமான பீங்கான்கள், 28 டன் செப்புக்காசு. சரக்கில் கட்டியிருந்த மரச்சீட்டுகளில் ஜோதென்ஜியைச் சேர்ந்த ஒரு சிறு மடத்தின் பெயரும் இருந்தது. 1471-ல் கொரிய அமைச்சர் சின் சுக்ஜு எழுதும்போது, பதினாயிரம் வீடுகளுக்கு மேல் உள்ள ஊர், ரியூக்யூ தீவுகளிலிருந்தும் தென்கடல் நாடுகளிலிருந்தும் கப்பல்கள் கூடும் இடம் என்கிறார்.

நேரமிருந்தால் குஷிதா ஆலயத்தில் பழைய கப்பல்களின் நங்கூரக் கற்களைப் பாருங்கள். மங்கோலிய நங்கூரம் என்று எழுதியிருந்தாலும் இப்படிப்பட்ட கற்களை வணிகக் கப்பல்களும் பயன்படுத்தின.

எப்போது வருவது என்று கேட்டால், ஜூலை முதல் பாதியைச் சொல்வேன். 1241-ல் கொள்ளைநோய் பரவியபோது என்னியை ஒரு பலகைமேல் தூக்கிச் செல்ல, அவர் தெருத்தெருவாகத் தீர்த்தம் தெளித்தார் என்பது ஐதீகம். அதில் பிறந்ததாகச் சொல்லப்படும் யாமகாசா திருவிழா 15-ஆம் தேதி விடியற்காலை 4:59-க்குத் தொடங்கும் ஓட்டத்தோடு முடியும். குஷிதாவில் அன்று நிற்க இடம் கிடைக்காது. ஜோதென்ஜி முன் போய் நில்லுங்கள். ஒவ்வொரு குழுவும் தேரைத் தூக்கிக்கொண்டு அங்கேயும் ஒரு சுற்று வந்துவிட்டுத்தான் போகும்.