கமேலியாவைக் காட்டிக்கொடுத்த ஹைட்ரேஞ்சியா

நுவரெலியாவில் எங்கள் மதிலோரம் நட்ட கமேலியாவின் தளிரிலைகள் மஞ்சளாகின; நரம்புகள் மட்டும் பச்சை. நீர் தேங்குகிறதென்று வடிகால் வெட்டினேன். யூரியா, மாட்டெரு இரண்டும் போட்டேன். இரண்டு மாதம் வீண்.

பக்கத்து ஹைட்ரேஞ்சியாதான் துப்புக் கொடுத்தது. வாசலில் நீலமாய்ப் பூக்கும் செடியின் பதியன்தான் அது. மதிலோரம் இளஞ்சிவப்பாய்ப் பூத்திருந்தது. மண்ணில் காரம் ஏறினால் அலுமினியம் வேருக்குக் கிட்டாது, நீலம் வராது. இரும்பும் அப்படித்தான், இலை வெளுக்கும். தோண்டினால், மதில் கட்டியவர்கள் புதைத்துவிட்டுப் போன சுண்ணாம்புச் சாந்துக் கட்டிகள்!

கமேலியா தேயிலையின் இனம், அமில மண் கேட்கும். வேரில் ஒட்டிய சாந்தை உதறி, பத்தடி தள்ளித் தேயிலை மலை மண்ணில் நட்டேன். பழைய இலைகள் தேறவில்லை. ஆறாம் வாரம் வந்த தளிர் பச்சை. அப்பாடா!