கயோட்டி வேட்டைக்கு வெளிமாநிலம் போகிறீர்களா? நிலத்தைப் பார்த்து ஊரை முடிவு செய்யுங்கள்

அமெரிக்காவில் ஹவாய் ஒன்றைத் தவிர எல்லா மாநிலங்களிலும், ஓநாயைவிடச் சிறிய நாய் இனக் காட்டு விலங்கான கயோட்டி உண்டு. அதனால் "எந்த மாநிலத்தில் கயோட்டி அதிகம்?" என்று கேட்டு வருகிறவர்களிடம், அந்தக் கேள்வியைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள் என்றுதான் சொல்வேன். யாரிடமும் கேட்காமல் கால் வைக்கக்கூடிய நிலம் எங்கே இருக்கிறது? அந்த நிலத்தில் ஒரு நாளைக்கு எத்தனை இடங்களில் உட்கார்ந்து, இரையின் சத்தத்தை எழுப்பிக் கயோட்டியை அழைக்க முடியும்? இந்த இரண்டுக்கும் பதில் கிடைத்தால் பாதி முடிவு எடுத்தாயிற்று.

நான் இருப்பது சிகாகோவுக்கு மேற்கே, நேப்பர்வில்லில். இல்லினாயிலும் கயோட்டி நிறைய. ஆனால் இங்கே சோளக்காடு முழுக்கத் தனியார் நிலம், இரண்டு வயல் தாண்டினால் ஒரு வீடு. எனக்குப் பிடித்தது திறந்த வெளி. சூரியன் ஏறும் நேரத்தில் முயல் கத்தும் சத்தத்தை ஓடவிட்டு, அரை மைல் தூரத்தில் ஒரு சாம்பல் புள்ளி நகர்ந்து வருவதைப் பார்ப்பதற்காகத்தான் மேற்கே போகிறேன். என் வேட்டைத் துணை பக்கத்துத் தெருவில் இருக்கும் தேனிக்கார அண்ணன் ஒருவர். எங்கே போவது என்று இருவரும் அக்டோபரிலேயே வரைபடத்தை விரித்துவிடுவோம்.

முதலில் ஒரு கணக்கு. ஓரிடத்தில் உட்கார்ந்து அழைப்பதை ஸ்டாண்டு என்பார்கள். திறந்த வெளியில் ஒரு ஸ்டாண்டுக்கு 15 முதல் 20 நிமிடம் போதும். வண்டியை மறைவாக நிறுத்துவது, நடப்பது, திரும்புவது எல்லாம் சேர்த்தால் ஒரு நாளைக்கு எட்டு முதல் பத்து ஸ்டாண்டுதான் ஒழுங்காகச் செய்ய முடியும். ஒன்றுக்கும் அடுத்ததற்கும் குறைந்தது ஒரு மைல் இடைவெளி வேண்டும். மூன்று நாள் பயணம் என்றால் முப்பது இடங்கள். அவற்றில் சிலவற்றில் வேறொருவர் வண்டி நிற்கும், சிலவற்றுக்குப் போகும் மண்பாதை சேறாகியிருக்கும், சிலவற்றில் காற்று தப்பான பக்கம் அடிக்கும். ஆகவே வீட்டை விட்டுக் கிளம்புவதற்கு முன்பே நாற்பது இடங்களை வரைபடத்தில் குறிக்க முடிகிறதா என்று பாருங்கள். முடியாத ஊர் எவ்வளவு புகழ் பெற்றதானாலும் விட்டுவிடுங்கள்.

இந்தச் சல்லடையில் போட்டால் பல பெரிய பெயர்கள் கீழே விழுந்துவிடும். டெக்சாஸில் 95 விழுக்காட்டுக்கு மேல் தனியார் நிலம். தெரிந்த பண்ணைக்காரர் இருந்தாலோ, பணம் கட்டி வழிகாட்டியுடன் போவதென்றாலோ அது நல்ல இடம். இரவில் உடல் சூட்டைக் காட்டும் தெர்மல் ஸ்கோப் வைத்து வேட்டையாட ஆசைப்படுகிறவர்களுக்கும் அதுதான் வசதி. தானே சுற்றித் திரிய விரும்புகிறவருக்கு அது பொருந்தாது. கான்சாஸும் நெப்ராஸ்காவும் கிட்டத்தட்ட அதே நிலைதான். நெப்ராஸ்காவில் சுமார் 97 விழுக்காடு தனியார் வசம். ஆனாலும் அங்கே வேலன்டைன் ஊருக்குத் தென்மேற்கே மெக்கெல்வி நேஷனல் ஃபாரஸ்ட் என்று ஒரு லட்சம் ஏக்கருக்கு மேல் மணல்மேட்டுப் புல்வெளி இருக்கிறது. காற்றுக்கு முதுகைக் காட்டாமல், ஒரு மேட்டின் பின்னாலிருந்து அடுத்த மேட்டைப் பார்த்து உட்காருவதற்கு அந்த மணல்மேடுகளைப் போல ஒரு நிலம் கிடையாது. சிகாகோவிலிருந்து ஒரே நாளில் ஓட்டிவிடக்கூடிய தூரம் என்பதும் ஒரு வசதி.

எங்கள் பக்கத்திலிருந்து முதல் முறை போகிறவர்களுக்கு நான் சொல்வது தெற்கு டகோட்டா. ஐ-90 நெடுஞ்சாலையில் சுமார் 850 மைல் மேற்கே வால் என்ற சிற்றூர். அதைச் சுற்றி பஃபலோ கேப் நேஷனல் கிராஸ்லேண்ட், ஏறக்குறைய 6 லட்சம் ஏக்கர். இது ஒரே துண்டாக இருக்காது, தனியார் பண்ணைகள் நடுநடுவே வரும். பக்கத்திலேயே பேட்லேண்ட்ஸ் தேசியப் பூங்கா இருக்கிறது, அதற்குள் வேட்டை கிடையாது. எல்லை எங்கே என்று மண்ணைப் பார்த்துத் தெரியாது. ஆன்எக்ஸ் போன்ற செயலியில் அந்தப் பகுதியின் வரைபடத்தை முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். அங்கே பல இடங்களில் சிக்னல் கிடைக்காது. வெளிமாநிலத்தவருக்கென்றே கயோட்டி போன்ற கொன்றுண்ணிகளுக்கான லைசென்ஸ் ஒன்று தனியாகத் தருகிறார்கள், இணையத்திலேயே வாங்கலாம். புல்வெளி நாய் (பிரெய்ரி டாக்) எனப்படும், அணில் இனத்துச் சிறு விலங்கின் வளைகள் இருக்கும் இடங்களைச் சுற்றிக் கயோட்டி மோப்பம் பிடித்துக்கொண்டே திரியும். வரைபடத்தில் குறிக்கும்போது அந்த வளைகளை நேராகக் குறிக்காதீர்கள், அவற்றுக்குப் போகும் ஓடைப் பள்ளங்களைக் குறியுங்கள்.

அடுத்து வயோமிங். என் மனது நிற்கும் இடம் அதுதான். கூட்டாட்சி நிலத்துறையான பி.எல்.எம். வசம் மட்டும் அங்கே சுமார் 1.8 கோடி ஏக்கர். கயோட்டியை அந்த மாநிலம் கொன்றுண்ணி என்று வகைப்படுத்தியிருப்பதால், உள்ளூர்க்காரருக்கும் சரி வெளியூர்க்காரருக்கும் சரி, அதற்கு வேட்டை லைசென்ஸ் தேவையில்லை. ராலின்ஸ், ராக் ஸ்பிரிங்ஸ் பக்கம் ரெட் டெசர்ட்டின் சேஜ் புதர்வெளியில் நாள் முழுக்க ஓட்டினாலும் இன்னொரு வேட்டைக்காரர் வண்டி கண்ணில் படாத நாட்கள் உண்டு.

ஆனால் ஐ-80 ஓரமாக நிலம் சதுரங்கப் பலகை மாதிரிக் கிடக்கிறது. 1862-ம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் ரயில் கம்பெனிக்கு ஒன்று விட்டு ஒன்றாக ஒரு சதுர மைல் துண்டுகளைக் கொடுத்ததன் விளைவு அது. இரண்டு பொதுத் துண்டுகள் மூலையில் மட்டும் தொட்டுக்கொண்டால், தனியார் மண்ணில் கால் படாமல் அந்த மூலையைத் தாண்டலாமா என்ற வழக்கில், 2025 மார்ச்சில் பத்தாவது வட்டாரக் கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம் தாண்டலாம் என்று தீர்ப்பளித்தது. உரிமை இருக்கிறது என்றாலும், முதல் பயணத்தில் மூலை தாண்டும் இடங்களை நான் எடுத்துக்கொள்ள மாட்டேன். சில அடி தள்ளிக் கால் வைத்தாலும் அத்துமீறல் ஆகிவிடும். சதுரங்கப் பகுதிக்கு வடக்கே போய்விட்டால் தொடர்ச்சியான பொது நிலம் தாராளமாகக் கிடைக்கிறது. அப்படி இருக்கும்போது இந்தக் கவலை எதற்கு?

வயோமிங்கில் காற்றும் சாலையும்தான் செலவு வைக்கும். லாராமிக்கும் ராலின்ஸுக்கும் நடுவில் ஐ-80 குளிர்காலத்தில் அடிக்கடி மூடப்படும். சிகாகோவிலிருந்து ராலின்ஸ் 1,100 மைல். நான்கு நாள் விடுப்பில் போனால், ஒரு நாள் சாலை மூடினாலும் பயணம் பாழ். ஒரு வாரம் விடுப்பு கிடைத்தால் மட்டும் வயோமிங், இல்லையென்றால் தெற்கு டகோட்டா என்பது எங்கள் இருவருக்கும் இடையே உள்ள ஒப்பந்தம். காற்று மணிக்கு 20 மைலைத் தாண்டினால் அழைப்புச் சத்தம் தூரம் போகாது. எனவே பத்து நாள் வானிலையைப் பார்த்து, இரண்டு ஊர்களைத் தயாராக வைத்து, கிளம்புவதற்கு முந்தின நாள் ஒன்றை எடுப்பது நல்லது.

மாதத்தையும் ஊரோடு சேர்த்தே யோசிக்க வேண்டும். அக்டோபர், நவம்பரில் அந்த ஆண்டுக் குட்டிகள் தாயைப் பிரிந்து புது இடம் தேடி அலையும். அழைப்புக்கு எளிதாக வரும். ஆனால் மான் வேட்டைக் கூட்டமும் அப்போதுதான் வெளியே இருக்கும். தோல் வேண்டுமானால் நவம்பர் பின்பாதி முதல் ஜனவரி வரை. வயோமிங், மொன்டானா, டகோட்டா பக்கத்துத் தோல் வெளிர் நிறமும் அடர்த்தியுமாக இருக்கும், தெற்கே போகப்போக மயிர் மெலியும். பிப்ரவரி இணைசேரும் காலம். அப்போது முயல் சத்தத்தைவிட ஊளைச் சத்தத்துக்குத்தான் பதில் வரும். மார்ச்சுக்கு மேல் நான் போவதில்லை. ஏப்ரலில் குட்டி போட்டிருக்கும். சட்டம் அனுமதித்தாலும் பால் குடிக்கும் குட்டிகள் வளையில் இருக்கும் நேரத்தில் தாயைச் சுட எனக்கு மனமில்லை.

சரி, கயோட்டி எண்ணிக்கைக்கு இப்போது வருவோம். முயல் இருக்கிற இடத்தில் கயோட்டி இருக்கும். யூட்டா, நெவாடா போன்ற மேட்டுப் பாலைகளில் கருவால் ஜாக்ராபிட் என்ற பெரிய முயலின் எண்ணிக்கை ஏறக்குறையப் பத்தாண்டுச் சுழற்சியில் ஏறி இறங்கும், கயோட்டியும் அதன் பின்னாலேயே ஏறி இறங்கும். 2020-ல் நியூ மெக்சிகோ பக்கம் பரவிய முயல் ரத்தக்கசிவு நோய் தென்மேற்கில் நிறைய முயல்களை அழித்தது. ஆகவே போகப்போகும் ஊரின் பி.எல்.எம். அலுவலகத்துக்கோ வனவிலங்குத் துறைக்கோ போன் செய்யும்போது, கயோட்டியைப் பற்றிக் கேட்கும் முன் முயலைப் பற்றிக் கேளுங்கள். கூடவே இன்னும் இரண்டு கேள்விகள்: அந்த வட்டாரத்தில் ஆட்டுப் பண்ணைகளுக்காக இந்தக் குளிர்காலத்தில் விமானத்திலிருந்து கயோட்டி சுட்டார்களா, எந்தப் பாதைகள் மான்களின் குளிர்காலத் தங்கலுக்காக மூடப்பட்டிருக்கின்றன. இரண்டாவது கேள்வியை அபராதத்துக்குப் பயந்து மட்டும் கேட்கச் சொல்லவில்லை. 2022-23 குளிர்காலத்தில் மேற்கு வயோமிங்கில் மியூல் மான்களும், மான் போன்ற பிராங்ஹார்ன்களும் கூட்டம் கூட்டமாகச் செத்தன. உடம்பில் கொழுப்பே மிச்சமில்லாமல் நிற்கும் மந்தையை நம் வண்டிச் சத்தத்தால் ஓடவிடக் கூடாது.

விஸ்கான்சின், மினசோட்டா, மிச்சிகனின் வடக்கு ஆகியவை எங்களுக்குப் பக்கம்தான். ஆனால் அங்கே சாம்பல் ஓநாய் உண்டு. 2022 பிப்ரவரியில் வந்த நீதிமன்ற உத்தரவால் அது மீண்டும் கூட்டாட்சிப் பாதுகாப்புக்குள் வந்தது. கயோட்டிக்கு மூக்கு ஒடுங்கி, காது கூராக, எடை 30, 40 பவுண்டுக்குள் இருக்கும். ஓநாய் அதைப்போல இரண்டு மடங்குக்கு மேல். அந்தி வெளிச்சத்தில், காட்டுக்குள், இந்த வித்தியாசம் உறுதியாகத் தெரியாதவர்கள் அந்தப் பக்கம் போக வேண்டாம்.

ஹெச்-1பி போன்ற விசாவில் இருக்கும் நம்மவர்களுக்கு ஒரு முக்கியமான விஷயம். குடியேற்ற உரிமை இல்லாத விசாவில் இருப்பவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதைக் கூட்டாட்சிச் சட்டம் பொதுவாகத் தடுக்கிறது. செல்லுபடியாகும் அமெரிக்க வேட்டை லைசென்ஸ் கையில் இருப்பவருக்கு விலக்கு உண்டு. வயோமிங்கில் கயோட்டிக்கு லைசென்ஸ் தேவையில்லை என்பதை நம்பி வெறுங்கையோடு போனால் அந்த விலக்கு உங்களுக்கு இல்லை. சொந்த மாநிலத்து லைசென்ஸ் காலாவதியாகாமல் சட்டைப்பையில் இருக்க வேண்டும். இல்லினாய் லைசென்ஸ் மார்ச் 31-ம் தேதியோடு முடியும் என்பதையும் நினைவில் வையுங்கள். கிரீன் கார்டு உள்ளவர்களுக்கு இந்தத் தடை இல்லை. உங்கள் நிலைமை சிக்கலாக இருந்தால் குடியேற்ற வழக்கறிஞரிடம் ஒரு முறை கேட்டுவிட்டுக் கிளம்புங்கள். ஒரு வேட்டைக்காக விசாவைப் பணயம் வைக்காதீர்கள்.

வழியிலும் சட்டம் மாறும். துப்பாக்கியில் தோட்டா இல்லாமல், பூட்டிய பெட்டியில், வண்டியின் பின்பக்கம் வைத்தால் மாநிலம் விட்டு மாநிலம் கடந்து போவதற்கு 1986-ம் ஆண்டுக் கூட்டாட்சிச் சட்டம் பாதுகாப்புத் தருகிறது. போகும் இடத்திலும் அது சட்டப்படி வைத்திருக்கக்கூடியதாக இருக்க வேண்டும். கலிஃபோர்னியாவில் 2019 ஜூலை முதல் ஈயத் தோட்டாவால் வேட்டையாடக் கூடாது. நியூ மெக்சிகோவில் வெளிமாநிலத்தவர் லைசென்ஸ் எடுத்தாக வேண்டும்.

இதெல்லாம் பார்த்து ஊர் முடிவானதும், அந்தப் பகுதியில் இரண்டு மாட்டுப் பண்ணைகளைத் தேடிப் போன் செய்யுங்கள். பிப்ரவரி, மார்ச்சில் கன்று ஈனும் காலம், கன்றுகளைக் கயோட்டி தாக்கும் என்ற கவலை அவர்களுக்கு இருக்கும் என்பதால், மரியாதையாகக் கேட்டால் சிலர் தங்கள் நிலத்திலும் அனுமதி தருவார்கள். பெயர், வண்டி எண், எந்த நாள், எந்த நேரம், எத்தனை பேர் என்பதை அவர்கள் கேட்கும் முன்பே சொல்லிவிடுங்கள். பண்ணையின் கேட்டை எப்படி இருந்ததோ அப்படியே விட்டு வருவோம் என்பதையும் சொல்லுங்கள். வால் ஊரில் சில மோட்டல்கள் குளிர்காலத்தில் திறப்பதில்லை, அறையை நவம்பரிலேயே பதிவு செய்துகொள்ளுங்கள்.