'மாஷ்' தொடரில் காலப்பிழை தேடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கொரியப் போர் 1950 ஜூன் 25-ல் தொடங்கி 1953 ஜூலை 27-ல் போர்நிறுத்தத்தோடு ஓய்ந்தது. மொத்தம் 37 மாதங்கள். அந்தப் போரில் இயங்கிய நடமாடும் ராணுவ மருத்துவமனை ஒன்றைக் களமாகக் கொண்ட அமெரிக்க நகைச்சுவைத் தொடர் 'மாஷ்', 1972 செப்டம்பர் 17 முதல் 1983 பிப்ரவரி 28 வரை 11 சீசன்கள் ஓடியது. மூன்று வருடப் போரைப் பதினோரு வருடம் சொன்னால் தேதிகள் இடிக்கத்தான் செய்யும். பிழை கண்டுபிடிப்பது கஷ்டமில்லை. கண்டுபிடித்தது உண்மையிலேயே பிழைதானா என்று நிறுவும் இடத்தில்தான் பலரும் சறுக்குகிறார்கள்.

முதல் சறுக்கல், இரண்டு வகைப் பிழைகளைப் போட்டுக் குழப்புவது. தொடர் தான் முன்பு சொன்னதோடு தானே முரண்பட்டால் அது கன்டினியூட்டி பிழை. அதற்கான ஆதாரம் தொடருக்குள்ளேயே இருக்கும்: இரண்டு எபிசோட்கள், அல்லது ஒரே காட்சியின் இரண்டு ஷாட்கள். 1950–53-ல் இல்லாத பொருளோ பேச்சோ வழக்கமோ திரையில் தெரிந்தால் அது காலப்பிழை. அதற்கு ஆதாரம் வெளியில், வரலாற்றில் இருக்கிறது. எந்த வகை என்று முதலில் முடிவு செய்யாவிட்டால், எந்த ஆதாரத்தைத் தேடுவது என்றே தெரியாமல் போகும்.

தேதி குறிக்காமல் பொருளைப் பிடிப்பது

பெரும்பாலான தப்பு முடிவுகளுக்கு வேர் இதுதான். 'மாஷ்' எபிசோட்கள் பலவற்றில் தேதியே சொல்லப்படுவதில்லை. ஒளிபரப்பான வரிசையை அப்படியே போரின் காலவரிசையாக எடுத்துக்கொண்டால் கணக்கு உதைக்கும். ஒவ்வொரு எபிசோடுக்கும் 'இதற்கு முன் நடந்திருக்க முடியாது', 'இதற்குப் பின் நடந்திருக்க முடியாது' என்று இரண்டு எல்லைகளைக் குறித்துக்கொள்வது நல்லது.

எல்லை குறிக்க உதவும் தேதிகள் கைவசம் இருக்கட்டும். மருத்துவர்களைக் கட்டாயமாக ராணுவத்தில் சேர்க்கும் சட்டம் கையெழுத்தானது 1950 செப்டம்பரில். கொரியாவில் ஐ.நா. படைகளின் தலைமைத் தளபதியான மக்ஆர்தர் பதவி நீக்கப்பட்டது 1951 ஏப்ரல் 11. அவர் முகாமுக்கு வரப்போகிறார் என்று எல்லோரும் பரபரக்கும் மூன்றாம் சீசன் எபிசோடு அதற்கு முன்தான் நடந்திருக்க வேண்டும். சமாதானப் பேச்சு கேசோங்கில் தொடங்கியது 1951 ஜூலை 10. பன்முன்ஜோமுக்கு மாறியது அதே வருடம் அக்டோபரில். ட்ரூமன் இறங்கி ஐசன்ஹோவர் அதிபரானது 1953 ஜனவரி 20. வசனத்தில் 'பன்முன்ஜோம்' என்ற பெயர் வந்தாலே அந்தக் கதை 1951 அக்டோபருக்கு முன் நிற்காது.

இப்படி எல்லை குறித்துப் பார்த்தால் தொடரின் மிகப் பெரிய முரண் தானாகவே வெளியே வரும். கர்னல் பாட்டர் முகாமின் பொறுப்பேற்கும் நான்காம் சீசன் எபிசோடில் தேதி தெளிவாகச் சொல்லப்படுகிறது: 1952 செப்டம்பர் 19. அதன் பிறகு போர் நடந்தது பத்து மாதங்கள்தான். ஆனால் ஒன்பதாம் சீசனில் வரும் 'ஏ வார் ஃபார் ஆல் சீசன்ஸ்' எபிசோடு 1950-ன் கடைசி இரவில் தொடங்கி 1951-ன் கடைசி இரவு வரை ஒரு முழு வருடத்தைச் சொல்கிறது. அதில் பாட்டர் இருக்கிறார், மருத்துவர் பி.ஜே. இருக்கிறார், பாட்டருக்குப் பிறகு வந்த மருத்துவர் வின்செஸ்டரும் இருக்கிறார். கிறிஸ்துமஸ் கணக்கு இன்னும் தெளிவு. போர்க்காலத்தில் வந்தவை மூன்றே கிறிஸ்துமஸ்: 1950, 1951, 1952. பாட்டர் வந்த தேதியை நம்பினால் அவருக்கு முகாமில் ஒரே கிறிஸ்துமஸ்தான் கிடைத்திருக்கும். தொடரோ ஏழு, ஒன்பது, பத்தாம் சீசன்களில் அவர் காலத்துக் கிறிஸ்துமஸை மூன்று முறை காட்டுகிறது.

அந்த ஒன்பதாம் சீசன் எபிசோடில் கவனிக்க இன்னொன்றும் உண்டு. கதை நடக்கும் 4077 என்ற மருத்துவமனை முகாம் உய்ஜோங்பு பக்கம் இருப்பதாகத் தொடர் திரும்பத் திரும்பச் சொல்கிறது. உய்ஜோங்பு சியோலுக்கு வடக்கே சுமார் 20 கிலோமீட்டர். 1951 ஜனவரி 4-ல் சியோலே சீனப் படையிடம் வீழ்ந்தது. மீண்டது மார்ச் நடுவில்தான். ஆகவே அந்தப் புத்தாண்டு வாரத்தில் உய்ஜோங்பு பக்கம் ஓர் அமெரிக்க மருத்துவமனை நிம்மதியாகக் கூடாரம் அடித்து உட்கார்ந்திருக்க வழியே இல்லை. பாட்டர் தேதி முரணை எல்லோரும் சொல்வார்கள். இது வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு பார்ப்பவருக்கு மட்டுமே கிடைக்கும். என் கணக்கில் அதைவிட உயர்ந்த கண்டுபிடிப்பு.

பொருள்களில் ஏமாறும் இடங்கள்

ஒரு பொருள் எப்போது கண்டுபிடிக்கப்பட்டது, எப்போது கொரியாவில் இருந்த சிப்பாயின் கைக்கு எட்டியது என்பவை வெவ்வேறு தேதிகள். நமக்கு வேண்டியது இரண்டாவது. சில பொருள்களில் இந்தச் சிக்கலே எழாது. முகாமின் எழுத்தர் ரேடார் கையில் அவெஞ்சர்ஸ் காமிக்ஸ் இருக்கிறது. அந்த இதழ் தொடங்கியதே 1963-ல். இதில் வாதாட ஒன்றுமில்லை.

ஜீப்பில் அவசரப்படக் கூடாது. இரண்டாம் உலகப் போர்க்கால ஜீப்புக்கு முன்கண்ணாடி இரண்டு துண்டாக இருக்கும், விளக்குகள் கிரில்லுக்குள் பதிந்திருக்கும். அது கொரியாவிலும் ஓடியது; 'பழைய வண்டி' என்று பிழைப் பட்டியலில் சேர்க்காதீர்கள். 1950-ல் வந்த எம்38-க்கு ஒரே துண்டுக் கண்ணாடி, விளக்குகள் வெளியே துருத்தியிருக்கும். பானெட்டும் மட்கார்டும் வளைவாக இருந்தால் அது எம்38ஏ1, 1952 முதல் வந்தது. 1951-ல் நடப்பதாக நிறுவப்பட்ட காட்சியில் வளைந்த பானெட் தெரிந்தால் அது பிழை. தேதி தெரியாத காட்சியில் தெரிந்தால், அந்தக் காட்சி 1952-க்குப் பிந்தியது என்று சொல்லும் தடயம் மட்டுமே.

அமெரிக்கக் கொடியில் நட்சத்திரங்களை எண்ணுவது வழக்கம். கொடி சுருங்கிக் கிடந்தால் எண்ண முடியாது, அடுக்கைப் பாருங்கள். போர்க்காலக் கொடியில் 48 நட்சத்திரங்கள், ஆறு வரிசையில் எட்டெட்டாக, மேலும் கீழும் நேர்கோட்டில் நிற்கும். 1960 ஜூலை 4 முதல் வந்த 50 நட்சத்திரக் கொடியில் ஆறும் ஐந்துமாக மாறி மாறி வருவதால், பக்கத்து வரிசை விலகித் தெரியும். ஒரு மூலை தெரிந்தாலே போதும்.

இதற்கு நேரெதிரான தவறு, நிஜத்தில் இருந்ததை இல்லை என்று அடித்துச் சொல்வது. ஹெலிகாப்டரில் காயம்பட்டவரைக் கொண்டுவருவது வியட்நாம் காலத்து வழக்கம் என்று நினைத்து, 'மாஷ்' தொடக்கக் காட்சியையே பிழை என்பவர்கள் உண்டு. கண்ணாடிக் குமிழ் மூக்கும், வெளியே பக்கவாட்டில் ஸ்ட்ரெச்சரும் கொண்ட பெல் ஹெலிகாப்டர் கொரியப் போருக்கே உரியது. வியட்நாமோடு சேர்ந்த ஹியூயி ஹெலிகாப்டர் முதலில் பறந்தது 1956-ல். ஆனால் அமெரிக்கத் தரைப்படையின் ஹெலிகாப்டர் ஆம்புலன்ஸ் கொரியாவில் வேலையைத் தொடங்கியது 1951 ஜனவரியில்தான் என்பதையும் சேர்த்து நினைவில் வையுங்கள்.

இந்தத் தவறு தயாரிப்பிலேயே நடந்திருக்கிறது. முதல் சீசனில் ஜோன்ஸ் என்ற கறுப்பின அறுவை மருத்துவர் இருந்தார். பாதியில் காணாமல் போனார். கொரியாவின் மாஷ் (நடமாடும் ராணுவ மருத்துவமனை) பிரிவுகளில் அப்படி யாரும் இல்லை என்பது சொல்லப்பட்ட காரணம். அது சரியல்ல, கறுப்பின மருத்துவர்கள் அங்கே பணியாற்றியிருக்கிறார்கள். ராணுவத்தில் நிறப் பிரிவினையை நீக்கும் ட்ரூமனின் ஆணை 1948 ஜூலையிலேயே வந்துவிட்டது. 'இருந்ததில்லை' என்ற அரைகுறை ஆராய்ச்சி ஒரு மனிதரையே திரையிலிருந்து அழித்தது. ஆகவே 'இல்லை' என்று எழுதுவதற்கு 'இருந்தது' என்பதைவிட இரு மடங்கு ஆதாரம் வேண்டும்.

மருத்துவக் காட்சிகளில், இதயம் நின்றவருக்கு மார்பைத் திறந்து கையால் இதயத்தைப் பிசைவது அந்தக் காலத்துக்குச் சரியானது. மார்பின் மேல் இரு கைகளை வைத்து அழுத்தும் முறை மருத்துவ உலகுக்கு அறிமுகமானது 1960-ல்; அதைப் பார்த்தால் குறித்துக்கொள்ளுங்கள்.

மலையும் மூச்சும்

வெளிப்புறக் காட்சிகள் கலிஃபோர்னியாவின் மாலிபு மலைப்பகுதியில் எடுக்கப்பட்டவை. அங்கே குளிர்கால மழைக்குப் பிறகுதான் மலை பச்சையாகும். கோடையில் காய்ந்து பழுப்பேறிவிடும். கொரியாவில் தலைகீழ்: ஜூன் கடைசியில் பருவமழை பிடித்து ஜூலையில் எங்கும் பச்சை. வசனத்தில் ஜூலைப் புழுக்கம், பின்னால் காய்ந்த மலை என்றால் அது இடப்பிழை. உய்ஜோங்பு பக்கத்து ஜனவரி, உறையவைக்கும் குளிர். நடிகர்கள் தடித்த கோட்டில் நடுங்குவார்கள், பேசும்போது மூச்சில் புகை வராது. இவற்றைக் காலப்பிழைகளோடு கலக்காமல் தனித் தலைப்பில் வையுங்கள். 1970-களின் நீண்ட முடியும் கிருதாவும் அந்தத் தலைப்பிலேயே சேரட்டும். அவை தயாரிப்புக் காலத்தின் சாயல். காட்சிக்குக் காட்சி பட்டியலிட்டால் பட்டியல் வீங்குமே தவிர, ஒன்றும் தெரியவராது.

பேச்சைச் சாட்சியாக எடுப்பது

தொடரின் நாயகனான மருத்துவர் ஹாக்ஐ ஓயாமல் கிண்டல் பேசுபவர். அவர் வாயில் வரும் எண்ணிக்கையும் ஊர்ப்பெயரும் எல்லாம் வாக்குமூலம் ஆகாது. வேடிக்கைக்குச் சொன்னதை விலக்கிவிட்டு, கடிதத்திலோ பதிவேட்டிலோ வருவதை எடுங்கள். முதல் சீசனில் அப்பாவுக்கு எழுதும் கடிதத்தில் அம்மாவையும் சகோதரியையும் விசாரிக்கிறார். பிந்தைய சீசன்களில் அவர் ஒரே பிள்ளை, அம்மா சிறு வயதிலேயே இறந்தவர். இது அசைக்க முடியாத கன்டினியூட்டி பிழை. மனநல மருத்துவர் ஃப்ரீட்மன் முதலில் வரும்போது மில்டன், பிறகு சிட்னி, இதுவும் அப்படியே. ஆனால் பாட்டராக நடித்த ஹாரி மோர்கன் மூன்றாம் சீசனில் ஒரு கிறுக்கு ஜெனரலாக வந்தது பிழையே இல்லை; ஒரே நடிகர், இரண்டு பாத்திரங்கள், அவ்வளவே.

ஷாட் அளவில்

கிளாஸில் மார்ட்டினி ஏறி இறங்குவது, சுருட்டின் நீளம் மாறுவது, அறுவைக் கவுனில் ரத்தக் கறை இடம் மாறுவது: இவற்றைச் சொல்ல, ஷாட் மாறும் இடத்துக்கு முந்தைய ஃபிரேமும் பிந்தைய ஃபிரேமும் இரண்டும் வேண்டும், நேரக்குறிப்போடு. நடுவில் காலம் கடந்திருக்க வாய்ப்பு உண்டா என்று வசனத்தைக் கேட்டுப் பாருங்கள். மறு ஒளிபரப்புகளில் விளம்பரத்துக்காகச் சில நிமிடங்கள் வெட்டப்படுவதுண்டு. வெட்டிய பிரதியில் தெரியும் தாவல் தொடரின் பிழையல்ல. முழு நீளப் பிரதியில் சரிபார்க்காமல் எழுதாதீர்கள். பழைய சதுரத் திரைப் படத்தை அகலத் திரைக்கு வெட்டிய பிரதியில் மேசை மேல் இருந்த பொருள் ஃபிரேமுக்கு வெளியே போயிருக்கலாம்.

எடுத்த வரிசையும் ஒளிபரப்பிய வரிசையும் வேறு என்பதும் முக்கியம். 1982 அக்டோபரில் காட்டுத்தீ வெளிப்புற செட்டை எரித்தது. அந்தத் தீயைக் கடைசி எபிசோடின் கதையிலேயே சேர்த்துக்கொண்டார்கள். ஆனால் கடைசியாகப் படமாக்கப்பட்டது அதற்கு முந்தைய வாரம் ஒளிபரப்பான 'ஆஸ் டைம் கோஸ் பை'. ஆகவே 11-ம் சீசனின் சில எபிசோட்களில் முகாம் வெளி ஸ்டுடியோவுக்குள் போட்ட செட்டாகத் தெரிந்தால் காரணம் அந்தத் தீயாக இருக்கலாம். நிழல் இரண்டு பக்கம் விழும், தூரத்து மலை அசையாத திரையாக நிற்கும், காற்றில் கூடாரத் துணி ஆடாது. குறிப்பு எழுதும்போது சீசன், எபிசோடு எண், நேரக்குறிப்பு, கதையின் இரு தேதி எல்லைகள், பிழையின் வகை ஆகிய ஐந்தையும் ஒரே வரியில் போடுங்கள். தேதி எல்லைகள் காலியாக இருந்தால் அந்த வரியைப் பட்டியலில் ஏற்றாமல், அவை கிடைக்கும் வரை தனியே வைத்திருங்கள்.